தும்பைச் செடி வீட்டில் நிற்க மாட்டேன் என்கிறது, எப்படி வளர்ப்பது?

படப்பைவீடு | பிப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். படப்பைப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. பின்பக்கம் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெறும் மண் விட்டிருக்கிறோம், மீதியெல்லாம் சிமெண்ட் போட்டாகிவிட்டது. முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, துளசி எல்லாம் தழைத்து நிற்கின்றன. வராதது தும்பை ஒன்றுதான்.

எங்கள் அம்மா செங்கம் பக்கத்துக்காரர். பிரதோஷத்தன்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனால் கொஞ்ச நேரத்தில் ஒரு தாம்பாளம் நிறையத் தும்பைப்பூ பறித்து வந்துவிடுவார், நானே சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். இப்போது அவருக்கு 73 வயது, எங்களோடு இருக்கிறார். இங்கே கோயில் வாசலில் பூக்கார அம்மாவிடம் வில்வம் இருக்கிறது, அருகம்புல் இருக்கிறது, எருக்கு மாலைகூட இருக்கிறது. தும்பை கேட்டால் "அதெல்லாம் யாரும்மா இப்ப பறிச்சிக்கினு வராங்க" என்கிறார்.

நான் மூன்று தடவை முயன்றுவிட்டேன். முதல் தடவை, போன கார்த்திகையில், பக்கத்துக் காலி மனையில் பூத்திருந்த செடியை வேரோடு பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தேன், இரண்டே நாளில் தலை தொங்கிவிட்டது. அடுத்தது மண்ணோடு பெயர்த்து வந்து நட்டேன். பிழைத்தது, பூத்தது, அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனால் தை கடைசியில் அடியிலிருந்து காய ஆரம்பித்தது. துளசிக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், மண்புழு உரம் போட்டேன், கேட்கவில்லை, முழுசாகக் காய்ந்துவிட்டதால் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். மூன்றாவது, ஒரு நர்சரியில் தும்பை என்று சொல்லி 80 ரூபாய்க்கு ஒரு செடி கொடுத்தார்கள். அது பூத்தபோது பார்த்தால் பூ வெளிர் நீலம், தரையைப் பார்த்துக் கவிழ்ந்து நிற்கிறது. அம்மா பார்த்தவுடனேயே "இது தும்பை இல்லை" என்று சொல்லிவிட்டார்.

நான் என்ன தப்பு செய்கிறேன்? இது வருடம் முழுக்க நிற்கிற செடியா இல்லையா? விதை எங்கே கிடைக்கும்? இன்னொன்று, தும்பை இருந்தால் பாம்பு வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், தும்பை இருந்தால் பாம்பு அண்டாது என்கிறார் எதிர்வீட்டுக்காரர். இதில் எதை நம்புவது?

கரிசல்காட்டான், கோவில்பட்டி | பிப்ரவரி 9

தாயி, நீங்கள் குப்பையில் போட்ட அந்தக் காய்ந்த செடியில்தான் விதை இருந்தது. செடி சாகவில்லை, வேலையை முடித்துக்கொண்டது. தும்பை ஒரு மழைக்கு முளைத்து, பூத்து, காய்ந்து, விதையை உதிர்த்துவிட்டுப் போகிற செடி. நெல்லைப் போல, எள்ளைப் போல அதற்கும் ஒரு பட்டம் உண்டு. மாசி வெயிலில் நிற்கிற தும்பைக்குத் தண்ணீர் ஊற்றுவது அறுப்புக்கு நிற்கிற எள்ளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி.

எங்கள் பக்கம் மானாவாரி. புரட்டாசி கடைசியிலோ ஐப்பசியிலோ முதல் நல்ல மழை இறங்கி நாலைந்து நாள் வெயில் காய்ந்ததும் வரப்போரமெல்லாம் பச்சை பிடிக்கும், அதில் பாதி தும்பை. கார்த்திகையில் முதல் பூ. மார்கழி முழுக்க வரப்பு வெள்ளை வெளேர் என்று இருக்கும். பொங்கல் தாண்டியதும் கீழ் அடுக்கிலிருந்து பழுப்பேறி மேலே ஏறும். மாசி கடைசியில் குச்சிதான் மிச்சம். சித்திரையில் கோடை உழவு போட்டாலும் போடாவிட்டாலும், மண்ணுக்குள் கிடக்கிற விதை அடுத்த ஐப்பசிக்கு எழுந்து வந்துவிடும். யாரும் விதைத்ததில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதுவும் இந்த மாதத்துக்குள் செய்ய வேண்டும். அந்தக் காலி மனைக்கு வெயில் ஏறியபின் போங்கள், பனி ஈரத்தோடு எடுத்தால் பூஞ்சணம் பிடிக்கும். செடி காய்ந்து நிற்கும். தண்டைச் சுற்றிப் பந்து பந்தாக அடுக்கு இருக்கிறதா, அந்தப் பந்து முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணம். பூ விழுந்தபிறகு மிஞ்சுகிற கிண்ணம் அது, ஒவ்வொன்றின் அடியிலும் நாலு விதை உட்கார்ந்திருக்கும். எள்ளை விடப் பொடிசு, பழுப்பு நிறம், பட்டை பட்டையாக இருக்கும். செடியை அறுத்து ஒரு வெள்ளை வேட்டித் துணிமேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் கொட்டும். கொட்டியதை உள்ளங்கையில் வைத்து லேசாக ஊதினால் சருகு பறந்துபோகும், விதை நிற்கும். நாலைந்து செடி தட்டினால் உங்கள் கொல்லைக்குத் தாராளம். எல்லாச் செடியையும் தட்டிவிடாதீர்கள், அந்த மனைக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

விதையைக் காகிதத்தில் மடித்து, நிழலில், காற்றாட வைத்திருங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பாதியை இப்போதே கொல்லையில் தூவிவிடுங்கள், வெயிலும் பனியும் படட்டும். மறுபாதியை ஐப்பசி முதல் மழைக்கு முந்தின நாளோ அடுத்த நாளோ தூவுங்கள். குழி தோண்டிப் புதைக்காதீர்கள். விளக்குமாற்றால் மேலாக ஒரு தடவை கீறிவிட்டால் போதும்.

ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மக்காச்சோளம் வந்த பிறகு களைக்கொல்லி அடிக்காத புஞ்சை குறைந்துபோயிற்று. நானும் மூன்று வருடம் அடித்தேன். நாலாம் வருடம் என் வரப்பில் தும்பை எண்ணி ஏழு செடி. எங்கள் அப்பா காலத்தில் மாட்டுப்பொங்கலுக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டான் நிறையப் பறிப்பார்கள். இப்போது வரப்பில் மட்டும் மருந்து அடிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், ஐந்து வருடத்தில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. விதை மண்ணில் இருந்தால் வரும், இடத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

இலைநரம்பு, திருச்சி | பிப்ரவரி 10

உங்களுக்கு நர்சரியில் கொடுத்தது கவிழ்தும்பை. பூவின் நிறத்தையும் அது கவிழ்ந்து நிற்பதையும் நீங்கள் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. இலையைத் தொட்டுப் பாருங்கள், முள்முள்ளாகக் கையில் உரசும். ஊர்ப்பக்கம் கழுதைத்தும்பை என்றும் சொல்வார்கள். பேரில் தும்பை இருந்தாலும் உறவு கிடையாது. கவிழ்தும்பை தேள்கொடுக்குச் செடியின் குடும்பம், தும்பையோ துளசி, புதினா, கற்பூரவல்லியின் குடும்பம்.

தும்பையைக் கண்டுபிடிக்க எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்வது: முதலில் கண்ணை மூடிக்கொண்டு தண்டை இரண்டு விரலால் உருட்டுங்கள். உருளாது. சதுரத் தண்டு, நாலு மூலையும் விரலில் தட்டுப்படும், துளசித் தண்டும் அப்படித்தான். இலை எதிரெதிராக, நீளமாக, ஒடுங்கி இருக்கும். கசக்கினால் காட்டமான பச்சை வாசனை வரும். முழங்கால் உயரத்துக்கு மேல் போவது அபூர்வம். செடியெங்கும் பொடி மயிர் இருப்பதால் சொரசொரப்பு உண்டு, அறிவியல் பெயரிலேயே அது இருக்கிறது: லியூகாஸ் ஆஸ்பெரா. முதல் சொல் கிரேக்கத்தில் வெள்ளை என்பதிலிருந்து வந்தது, இரண்டாவது லத்தீனில் சொரசொரப்பு. நம் ஆட்கள் வேட்டி வெளுப்பைத் தும்பைப்பூ மாதிரி என்பார்கள், அங்கேயும் வெள்ளைதான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

பெருந்தும்பை என்ற பெயரில் பேய்மிரட்டியை விற்பவர்களும் உண்டு. அது நெஞ்சு உயரம் வரும், இலை தடிப்பாக, வெல்வெட் போல இருக்கும், பூ இளம் ஊதா. அதுவும் துளசிக் குடும்பம்தான், ஆனால் தும்பை இல்லை. பெயரை வைத்து வாங்காதீர்கள், பூவைப் பார்த்து வாங்குங்கள். அதைவிட வாங்காமலே இருப்பது நல்லது, கோவில்பட்டிக்காரர் சொன்ன வழியே சரியான வழி.

கவிழ்தும்பையைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவும் இந்த மண்ணின் செடி, மதிலோரம் நிற்கட்டும், தேனீ வரும். ஆனால் தும்பை என்று நினைத்து யாரும் அதைக் கஷாயம் வைத்துவிட வேண்டாம், அந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் ஈரலைக் கெடுக்கிற பொருட்கள் உண்டு. அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

தும்பைக்குப் பழைய மரியாதை ஒன்றும் இருக்கிறது. தொல்காப்பியத்தில் இரண்டு வேந்தர்கள் வலிமையை நிலைநாட்டவே களத்தில் எதிரெதிரே நின்று மோதுகிற போருக்குத் தும்பைத் திணை என்று பெயர், வீரர்கள் சூடியது இந்தப் பூவைத்தான். ஒரு பெரிய செந்தாமரையை விட்டுவிட்டு வரப்போரத்துப் பொடிப் பூவை எடுத்து அவ்வளவு பெரிய போருக்கு வைத்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு செடியைக் கையில் கொண்டுபோவேன், பின் வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

மொட்டைமாடி, மதுரை | பிப்ரவரி 10

எனக்கு மண் கிடையாது, மூன்றாவது மாடியில் தொட்டிதான். நாலு வருடமாகத் தும்பை வைத்திருக்கிறேன், அதனால் தொட்டியில் வருமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். வரும்.

முதல் வருடம் கீரைக்குப் போடுகிற கலவையையே போட்டேன். தேங்காய் நார், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. செடி மளமளவென்று இரண்டடி வளர்ந்து சாய்ந்தது, இலை இலையாக இருந்தது, பூ கால்வாசிகூட இல்லை, போதாததற்குத் தண்டெல்லாம் மாவுப்பூச்சி. அடுத்த வருடம் வெறும் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, பழைய தொழுவுரம் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். செடி குட்டையாக, கெட்டியாக, அடியிலிருந்தே கிளை விட்டு வந்தது, ஒவ்வொரு கிளையிலும் நாலைந்து அடுக்குப் பூ. தும்பைக்குச் சாப்பாடு அதிகம் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நீங்கள் காய்கிற செடிக்கு மண்புழு உரம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அடுத்த தடவை அதைக் கறிவேப்பிலைக்குப் போடுங்கள்.

வெயில் முழுசாக வேண்டும். நிழல்வலைக்குக் கீழே வைத்த தொட்டி வெளிறிப்போய் நின்றது. தண்ணீர், மேல் மண் காய்ந்தபிறகு மட்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது வேண்டாம், வேர் அசைந்தால் கோபித்துக்கொள்ளும். எந்தத் தொட்டியில் நிற்க வேண்டுமோ அதிலேயே தூவிவிடுங்கள். அப்படியும் இடம் மாற்ற வேண்டுமென்றால் நாலு இலைப் பருவத்திலேயே, கரண்டியால் மண்கட்டியோடு, மேகமூட்டமான நாளில் சாயங்காலம் எடுத்து வையுங்கள். பூத்த செடியைப் பெயர்த்தால் நீங்கள் பார்த்த கதைதான்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். ஒரு பூவை விரலில் எடுத்து வைத்துப் பாருங்கள். மேலே சின்ன உதடு ஒன்று, முக்காடு போல வளைந்து, உச்சியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை மயிர். கீழே அகலமான உதடு, விரித்த பாய் மாதிரி. மகரந்தப்பைகள் அந்த முக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும், ஆரஞ்சு நிறம். தேனீ வந்து பாயில் காலூன்றித் தலையை உள்ளே விடும்போது முக்காடு அதன் தலையில் உரசும், வெளியே வரும்போது நெற்றியில் குங்குமம் வைத்தது போல ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருக்கும். அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். என் மாடிக்கு வருவது வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ. கூட்டமாக வாழாது, தனி ஆள், மண்ணிலோ மண்சுவரிலோ பொந்து வைத்துக்கொள்ளும். உர்ரென்று ஒரு சத்தத்தோடு அந்தரத்தில் நின்று பூவுக்குப் பூ தாவும். அதில் ஆண் தேனீக்கள் கூடு கட்டுவதில்லை, இருட்டும் நேரத்தில் காய்ந்த குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். அதைப் பார்த்த பிறகு காய்ந்த தும்பைக் குச்சிகளை மாசி முடியும் வரை நான் எடுப்பதே இல்லை.

மூலிகைநேசன் | பிப்ரவரி 11

பாம்பு பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. தும்பைச் சாறு பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து, எங்கள் தாத்தா காலத்திலிருந்து கேள்விப்பட்டிருக்கிறோம். கடித்தவுடன் சாறு பிழிந்து கொடுத்தால் விஷம் இறங்கும். ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய செடி.

செய்யாற்றங்கரை | பிப்ரவரி 11

அண்ணா, தயவு செய்து இதை இப்படி எழுதாதீர்கள். என் சித்தப்பாவை இப்படித்தான் இழந்தோம். 2009, கொல்லையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் எழுந்து வயிறு வலிக்கிறது, கண் இமை கனக்கிறது என்றார். கடிபட்ட இடம் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள், தும்பைச் சாறு கொடுத்து மூக்கிலும் விட்டார். இரண்டு மணி நேரம் அங்கேயே போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது மூச்சு இல்லை. கட்டுவிரியன் கடி என்று டாக்டர் சொன்னார்.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும், அதனால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து இருக்கிறது, ஊசியாக ஏற்றுவார்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதற்கு வேண்டிய விஷம் எங்கிருந்து போகிறது தெரியுமா, நம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. 1978இல் தொடங்கியது. பாம்பைப் பற்றி அவர்களை விட அதிகம் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கையைக் காலை அசைக்காமல், 108ஐக் கூப்பிட வேண்டும். சாறு பிழிகிற நேரம்கூட வீணாக்கக் கூடாது.

கேள்வி கேட்ட அக்காவுக்கு: தும்பை பாம்பைக் கூப்பிடாது, விரட்டவும் விரட்டாது. எலியும் தவளையும் இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். செங்கல் குவியல், பழைய ஓடு, விறகு இதையெல்லாம் கொல்லையிலிருந்து எடுத்துவிடுங்கள், தும்பை பாட்டுக்கு நிற்கட்டும். சளி பிடித்தால் நொச்சி, தும்பை, மஞ்சள் போட்டு ஆவி பிடிப்பதை நாங்களும் செய்கிறோம், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் மூக்கடைப்புக்கு அது இதமாக இருக்கும்.

மூலிகைநேசன் | பிப்ரவரி 11

மன்னிக்கணும் தம்பி. நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியதை யாராவது படித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கடித்தால் முதலில் ஆஸ்பத்திரிதான்.

தக்கலைப்பெண் | பிப்ரவரி 13

எங்கள் குமரி மாவட்டத்தில் ஆனியிலும் ஆடியிலும் மழை உண்டு என்பதால் ஆவணியில் ஓணத்துக்கே தும்பை பூத்துவிடும். ஓணத்துக்கு வாசலில் போடுகிற அத்தப்பூக் கோலத்தில் என்ன பூ இருந்தாலும் தும்பை இல்லாமல் எங்கள் அம்மச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் கோவில்பட்டி அண்ணாச்சி சொன்ன மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் ஊர் மழையைப் பார்த்துத் தூவுங்கள். மழை பெய்து ஏழெட்டு வாரத்தில் பூ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதால் அம்மச்சி சொன்ன கதையும் சொல்கிறேன். தும்பை என்ற ஒரு பெண் சிவனை நினைத்துத் தவம் இருந்தாளாம். சிவன் வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்டதும் சந்தோஷத்தில் நாக்குக் குழறி, "என் தலைமேல் உன் பாதம் இருக்க வேண்டும்" என்பதற்குப் பதிலாக "உன் தலைமேல் என் பாதம் இருக்க வேண்டும்" என்று கேட்டுவிட்டாளாம். சொன்ன பிறகு துடித்துப்போய் அழுதாளாம். சிவன் சிரித்துக்கொண்டே அப்படியே ஆகட்டும் என்று சொல்லி அவளைப் பூவாக்கித் தலையில் வைத்துக்கொண்டாராம். பூவைக் கவிழ்த்து வைத்தால் சின்னப் பிள்ளையின் பாதம் மாதிரி இருக்கும் என்று அம்மச்சி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது.

செகந்திராபாத்வாசி | பிப்ரவரி 14

இங்கே தெலங்கானாவில் விநாயகர் சதுர்த்திக்குத் தும்மிக்கூர என்று தும்பைக் கீரை சமைப்பார்கள். கொழுந்தை மட்டும் கிள்ளி, துவரம்பருப்போடு வேகவைத்து, புளி விட்டுத் தாளிப்பார்கள். லேசான கசப்பு இருக்கும். சந்தையில் அந்த ஒரு வாரம் கட்டுக்கட்டாக வரும். பூ வேண்டுமென்றால் கொழுந்தைக் கிள்ளலாமா என்று நினைக்க வேண்டாம், ஒரு தடவை நுனி கிள்ளினால் பக்கக் கிளை கூடுதலாக வருகிறது, என் தொட்டியில் பார்த்திருக்கிறேன்.

படப்பைவீடு | நவம்பர் 30

ஒன்பது மாதம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன், செடியைக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று.

அன்றைக்கே காலி மனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குச்சியை முறித்துத் துணியில் தட்டி, விதையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் பறிச்சேன், இதோட வெதையை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். பாதியை அப்போதே தூவினோம். மீதியைப் பஞ்சாங்கத்துக்குள் காகிதப் பொட்டலமாக மடித்து வைத்தார். சித்திரையில் அந்த மனையில் புல்டோசர் வந்து மண் கொட்டிச் சமன் செய்துவிட்டார்கள், இப்போது அங்கே அஸ்திவாரம் எழும்பி நிற்கிறது. அந்தப் பொட்டலம் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் தும்பை இல்லை.

செப்டம்பரில் இரண்டு மழைக்குப் பிறகு, மாசியில் தூவிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தன. வேலைக்கு வருகிற அம்மா களை என்று நினைத்துக் கொத்திவிடக் கூடாது என்று நாலு பக்கமும் குச்சி நட்டுச் சணல் கயிறு கட்டினேன். ஐப்பசியில் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினோம், ஒரு வாரம் விடாத மழை, கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று பயந்தேன். தீபாவளி முடிந்து வெயில் அடித்ததும் பார்த்தால் தண்ணீர் ஓடிய தடத்திலேயே, மதில் ஓரமாக, வரிசையாக முளைத்து நிற்கின்றன. இலைநரம்பு ஐயா சொன்னபடி தண்டை உருட்டிப் பார்த்தேன். சதுரம்.

முந்தைய மழையில் வந்தவை இப்போது பூத்துவிட்டன. ஒரு உரமும் போடவில்லை. நேற்று நீலப் பட்டைத் தேனீ ஒன்று வந்தது, மதுரைக்காரர் சொன்னது போலவே நெற்றியில் ஆரஞ்சுப் பொட்டு வைத்துக்கொண்டு போனது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் பறந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். மதில் ஓரம் வந்த கன்றுகள் விரல் இடைவெளிகூட இல்லாமல் நெருக்கமாக நிற்கின்றன, கலைக்க வேண்டுமா? அடுத்து, பிரதோஷத்துக்குப் பூவெல்லாம் பறித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு விதை இருக்குமா? அம்மா இதற்குப் பயந்தே நேற்று அஞ்சாறு பூவோடு நிறுத்திக்கொண்டார்.

கரிசல்காட்டான், கோவில்பட்டி | நவம்பர் 30

படிக்கப் படிக்க மனசு நிறைந்துபோயிற்று தாயி.

நெருக்கத்தை அப்படியே விட்டால் ஊசி ஊசியாக வளரும். சாணுக்கு ஒன்று விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் மண்ணோடு மண்ணாக நறுக்கிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்துச் செடி வேரும் அசையும். நறுக்கியதைத் தூக்கிப் போடாதீர்கள், ஆவி பிடிக்க ஆகும்.

பூ பறிக்க அம்மா பயப்பட வேண்டாம். நாம் பறிப்பது வெள்ளை இதழ் மட்டும்தான், இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும், விதை பிடிக்கிற இடம் கீழே அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிடும். காலையில் பறித்தால்தான் நஷ்டம், தேனீ இன்னும் வந்திருக்காது. பகல் முழுக்கத் தேனீக்கு விட்டுவிட்டு நாலு மணிக்கு மேல் பறிக்கச் சொல்லுங்கள், பிரதோஷமும் அந்த நேரம்தானே. செடிக்கு அடியில் ஒரு துணியை விரித்துத் தண்டை லேசாகத் தட்டினால் முதிர்ந்த பூ தானே உதிரும், அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டியதும் இல்லை.